மூக்கில் ஏறிய கட்டைவிரல்

விடுதியில் என் அறைக்கு முதன்முறையாக வருகிறவர்கள் வாயிற்படியிலேயே சற்றுத் தயங்கி நிற்பார்கள். புத்தகங்கள் இருக்க வேண்டிய மேசையின்மேல் நாற்பது ஐம்பது விலங்குகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டால் யார்தாம் தயங்கமாட்டார்கள்? ஒன்றுக்குக் கால் இல்லை. ஒன்றுக்குத் தாடை இல்லை. ஒன்றுக்கு வால் பாதியில் நின்றுவிட்டது. அவை டைனோசர்ப் பொம்மைகள். குழந்தைகள் விளையாடிச் சலித்து எறிந்தவற்றை நடைபாதைப் பழைய சாமான் கடைகளில் பத்துக்கும் இருபதுக்கும் வாங்கி வருவேன். ஒடிந்ததை ஒட்டி, வெளுத்ததற்கு வண்ணம் பூசி நிறுத்துவேன். இதுதான் என் பொழுதுபோக்கு. முதுகலை படிக்கும் ஒருவனுக்கு இது வயதுக்கேற்ற வேலைதானா என்று கேட்பவர்கள் உண்டு. தபால்தலை சேர்ப்பவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. பொம்மை சேர்ப்பவனைத்தான் கேட்கிறார்கள்!

ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, நான் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னேன்: பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலச் சிற்பி. டைனோசர் என்ற விலங்கு எப்படி இருந்திருக்கும் என்று உலகத்து மக்களுக்கு உருவமாகச் செய்து காட்டிய முதல் மனிதர். என் மேசைமேல் நிற்கும் படை முழுவதற்கும் அவரே பாட்டனார். அவர் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய டைரனோசரஸ் பொம்மை கிடைத்தது. நேராக நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி, முக்காலிபோல் நிற்கும் உருவம். 1950-களில் அமெரிக்காவில் மார்க்ஸ் என்ற கம்பெனி வெளியிட்ட பொம்மைகள் இந்தக் கோலத்தில்தான் இருந்தன. பிறர் அவற்றைப் பார்த்து வார்த்த நகலாக அது இருக்கலாம். அறைக்கு வந்த மண்ணியல் மாணவ நண்பர் அதைக் கண்டு சிரித்தார். இப்படி எந்த டைனோசரும் நின்றதில்லை. முதுகும் வாலும் தராசுக் கோல்போலக் கிடையாக இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது உண்மை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மென்மையான பிளாஸ்டிக்கை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். வேண்டியபடி வளைத்து உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்தக் கோலத்திலேயே நின்றுவிடும். கோணிய கால்களை நிமிர்த்த நான் கையாளும் முறை இது. அன்று அந்தப் பொம்மையின் இடுப்பையே வளைத்தேன். வளைந்தது, ஆனால் நிற்கவில்லை. முகம் குப்புற விழுந்தது. மீண்டும் வெந்நீர், மீண்டும் வளைப்பு. தொடையில் வெடிப்புக் கண்டது. வெடிப்பை அடைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்த வேகத்தில் வயிற்றின் அடியில் இருந்த செய்தவரின் முத்திரையும் அழிந்துபோயிற்று. இறுதியில் என் கையில் இருந்தது அறிவியலுக்கும் ஒத்துவராத, பழைய பொம்மையும் அல்லாத ஏதோ ஒன்று. அதைச் செய்தவர் யாரோ, எங்கிருந்தவரோ. அவருடைய வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

பழுது பார்ப்பது வேறு, திருத்துவது வேறா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான் ஹாக்கின்ஸ் எதிர்ப்பட்டார்.

அவர் 1807-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையும் ஓவியர். வில்லியம் பேன்ஸ் என்ற சிற்பியிடம் உளியும் களிமண்ணும் பழகினார். இருபது வயதிலிருந்தே விலங்கு நூலில் நாட்டம். விலங்குகளை உள்ளது உள்ளபடி வரைவதில் அவருக்கு ஈடு சிலரே இருந்தனர். சார்லஸ் டார்வின் ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றித் திரும்பிய பின் வெளிவந்த விலங்கியல் தொகுதிகளில், மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் படம் வரைந்தவர் இவரே. பிற்காலத்தில் இதே ஹாக்கின்ஸ் டார்வினுடைய பரிணாமக் கொள்கையை மேடைதோறும் மறுத்துப் பேசினார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பிய பளிங்கு மாளிகையில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. கண்காட்சி முடிந்ததும் மாளிகையைப் பிரித்து எடுத்துச் சென்று ஸிடன்ஹாம் என்ற இடத்தில் மீண்டும் கட்டினார்கள். அங்கே அமைந்த பூங்காவில், அழிந்துபோன விலங்குகளை உயிரளவில் செய்து நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. 1852-இல் அந்தப் பொறுப்பு ஹாக்கின்ஸிடம் வந்தது.

அன்று டைனோசர்களைப் பற்றி உலகம் அறிந்திருந்தது எவ்வளவு? 1824-இல் பக்லண்டு என்பவர் மெகலோசரஸ் என்ற விலங்குக்குப் பெயரிட்டார். 1825-இல் கிடியன் மாண்டெல் என்ற மருத்துவர் சில பற்களைக்கொண்டு இகுவானோடான் என்ற விலங்கை அறிவித்தார். 1833-இல் அவரே ஹைலியோசரஸ் என்ற மூன்றாவதையும் சேர்த்தார். இம்மூன்றையும் அடிப்படையாக வைத்து 1842-இல் ரிச்சர்டு ஓவன் என்ற உடற்கூற்று நிபுணர் ‘டைனோசர்’ என்ற இனப்பெயரைப் படைத்தார். சில பற்கள், ஒரு தாடைத் துண்டு, சில கால் எலும்புகள், முதுகெலும்பின் சில கண்ணிகள்: கையிருப்பு இவ்வளவே. முழு எலும்புக்கூட்டை எவரும் கண்டதில்லை. நம் ஊர்த் தேரில் நான்கு ஆணியும் ஒரு சக்கரமும் மட்டும் கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு முழுத் தேரையும் கட்டிக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வேலை!

ஹாக்கின்ஸ் அஞ்சவில்லை. ஓவன் ஆலோசகராக இருந்தார். முதலில் சிறிய அளவில் மாதிரி உருவங்கள் செய்தார். பிறகு அதே உருவத்தைக் களிமண்ணில் உயிரளவுக்குப் பிடித்தார். இகுவானோடானுக்கு மட்டும் 30 டன் களிமண் பிடித்தது. அதன்மேல் அச்சு எடுத்து, அச்சைக்கொண்டு நிலையான உருவத்தை எழுப்பினார். 600 செங்கல், 650 வடிகால் ஓடு, 900 தட்டோடு, 38 பீப்பாய் சிமெண்டு, 90 பீப்பாய் உடைகல், இவற்றோடு இரும்புப் பட்டைகளும் கம்பிகளும் அந்த ஒரு விலங்கின் உடலுக்குள் போயின. நான்கு தூண்களின்மேல் ஒரு வீட்டைக் கட்டும் வேலைதான் அது. கம்பியை உள்ளே செருகி ஒரு சாண் பொம்மையின் காலை நிறுத்துவதற்கே நான் படும் பாட்டை நினைத்துக்கொள்கிறேன்.

1853-ஆம் ஆண்டின் கடைசி இரவு. அந்த இகுவானோடானின் அச்சுக்குள்ளே மேசை போட்டு விருந்து வைத்தார் ஹாக்கின்ஸ். விருந்தினர் 21 பேர். தலைப்பகுதியில் அமர்ந்தவர் ஓவன். பறக்கும் ஊர்வனவற்றின் சிறகுபோல் வரைந்த அழைப்பிதழ். நள்ளிரவு வரை பாட்டும் சிரிப்பும். அழிந்த விலங்கின் வயிற்றுக்குள் அறிஞர்கள் உண்டு களித்த செய்தியைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. விளம்பரக் கலையிலும் நம் சிற்பி சளைத்தவர் அல்லர்!

1854 ஜூன் 10-ஆம் நாள் விக்டோரியா அரசியார் ஸிடன்ஹாம் மாளிகையைத் திறந்து வைத்தார். தீவுகளிலும் ஏரிக் கரையிலும் முப்பதுக்கு மேற்பட்ட விலங்குருவங்கள் நின்றன. அவற்றுள் டைனோசர்கள் நான்கே: இரண்டு இகுவானோடான், ஒரு மெகலோசரஸ், ஒரு ஹைலியோசரஸ். மற்றவை கடல்வாழ் ஊர்வன, பறப்பன, பழங்காலப் பாலூட்டிகள். மக்கள் திரண்டு வந்து வியந்தார்கள். அந்த உருவங்களின் சிறிய மாதிரிகள் லண்டனில் ஸ்டிராண்டு தெருவில் டென்னண்ட் என்பவரிடம் விலைக்குக் கிடைத்தன. பின்னர் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வார்டு நிறுவனமும் விற்றது. பள்ளிகளும் கல்லூரிகளும் வாங்கிக்கொண்டன. கையில் எடுத்துப் பார்க்கத்தக்க டைனோசர் உருவம் கடைச் சரக்கான கதை இதுதான். என் மேசைப் படைக்கு அவர் பாட்டனார் என்றது இதனால்தான்.

ஆனால் அவர் செய்த இகுவானோடான் எப்படி இருந்தது? காண்டாமிருகம்போல நான்கு தடித்த கால்களில் நின்றது. மூக்கின்மேல் ஒரு கொம்பு! மாண்டெல்லுக்குக் கிடைத்த எலும்புகளில் கூரிய முளைபோன்ற ஒன்று இருந்தது. அதை மூக்குக் கொம்பு என்று அவர் கருதினார். ஹாக்கின்ஸ் அதையே வடித்தார். 1878-இல் பெல்ஜியம் நாட்டில் பெர்னிஸார் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இகுவானோடான்கள் கிடைத்தன. அவற்றுள் பல முழு எலும்புக்கூடுகள். லூயி டொல்லோ என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். மூக்குக் கொம்பு என்று எண்ணியது மூக்குக்கு உரியதே அன்று. அது விலங்கின் கட்டைவிரல்! முன்னங்கைகள் இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தது. ஸிடன்ஹாம் பூங்காவில் கட்டைவிரலை மூக்கில் தாங்கி நின்ற விலங்கைப் பார்த்துப் பின்வந்தவர்கள் சிரித்தார்கள். என் நண்பர் என் பொம்மையைப் பார்த்துச் சிரித்தாரே, அதே சிரிப்பு.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பெல்ஜியத்துக்குப் பத்து ஆண்டு முன்பே ஹாக்கின்ஸ் தம் தவற்றின் ஒரு பகுதியைத் தாமே தாண்டி வந்துவிட்டார்.

பூங்கா வேலைக்குப் பணம் கொடுத்த கம்பெனி 1855-இல் கையை மடக்கிக்கொண்டது. திட்டமிட்ட உருவங்கள் பல செய்யப்படாமலே நின்றன. நூல்கள் எழுதியும், சொற்பொழிவு ஆற்றியும், பள்ளிச் சுவர்களுக்குப் படங்கள் வரைந்தும் காலம் தள்ளிய ஹாக்கின்ஸ், 1868-இல் அறுபத்தொரு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே நியூஜெர்ஸியில் ஹாடன்ஃபீல்டு என்ற இடத்தில் 1858-இல் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்திருந்தன. ஜோசப் லீடி என்ற அறிஞர் அதற்கு ஹட்ரோசரஸ் என்று பெயரிட்டிருந்தார். முன்னங்கால் எலும்பு சிறியது. பின்னங்கால் எலும்பு பெரியது. அப்படியானால் இந்த விலங்கு நான்கு தூண்போல நின்றிருக்க முடியாது. 1868-இல் ஃபிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தில் லீடியோடு சேர்ந்து, அந்த எலும்புகளைப் பொருத்தி, இல்லாதவற்றைப் பிளாஸ்டரில் செய்து இணைத்து, விலங்கை இரண்டு கால்களில் நிமிர்த்தி நிறுத்தினார் ஹாக்கின்ஸ். எலும்புக்கூடாகப் பொருத்திக் காட்சிக்கு வைத்த டைனோசர்களில் உலகிலேயே முதலாவது அதுதான். மண்டையோடு கிடைக்காததால் இகுவானா என்ற பல்லியின் தலையைப் பார்த்து ஒரு தலையையும் வடித்தார். பார்க்க வந்த கூட்டத்துக்குக் கழகத்தின் கட்டடம் போதவில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தம் கையால் நான்கு காலில் நிறுத்தியவர், சான்று வந்ததும் அதே கையால் இரண்டு காலில் நிறுத்தினார். புகழ் பெற்ற வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் புதிய எலும்பைப் பழைய உருவத்துக்குள் திணிக்கவில்லை. இந்த மனம் எத்தனை பேருக்கு வரும்?

அந்தக் காலத்தில்தான் நியூயார்க் நகரம் அவரை அழைத்தது. நடுப் பூங்காவில் பழங்கால உயிர்களுக்கென்று ஒரு காட்சிசாலை அமைக்கத் திட்டம். அமெரிக்க விலங்குகளின் பெரிய உருவங்களைச் செய்யத் தொடங்கினார். ஈராண்டுக்கு மேல் உழைத்தார். நகர ஆட்சி கைமாறியது. ட்வீட் என்ற அரசியல் தலைவரின் கூட்டத்தார் பூங்காவைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். 1870-இன் இறுதியில் காட்சிசாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1871 மே 3-ஆம் நாள் ஆட்கள் சம்மட்டிகளோடு வந்தார்கள். முடிந்த உருவங்களையும் முடியாதவற்றையும், அச்சுக்களையும் அடித்து நொறுக்கினார்கள். துண்டுகளைப் பூங்காவிலேயே புதைத்தார்கள்.

இதைச் செய்வித்தவர் ட்வீட் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பழைய ஆவணங்களை ஆராய்ந்து 2023-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கட்டுரை, உண்மையான காரணகர்த்தா பூங்கா நிர்வாகத்தில் இருந்த ஹென்றி ஹில்டன் என்று காட்டுகிறது. இதே மனிதர் ஒரு திமிங்கில எலும்புக்கூட்டுக்கு வெள்ளை வண்ணம் அடிக்கச் சொன்னவர். வெண்கலச் சிலைக்கும் வெள்ளை பூசச் சொன்னவர். வண்ணம் பூசுகிறவன் என்ற முறையில் இந்தச் செய்தி என்னைச் சுட்டது. தூரிகை பிடித்தவன் எல்லாம் ஹாக்கின்ஸ் வழியில் வருகிறான் என்று எண்ணியிருந்தேன். ஹில்டன் வழியும் ஒன்று உண்டு. முன்னொருவன் செய்ததைப் பற்றி ஒரு கணமும் எண்ணாமல், தன் கண்ணுக்குச் சரி என்று பட்டதைப் பூசிவிடும் வழி. வெந்நீரில் பொம்மையை வளைத்த அன்று நான் எந்த வழியில் நடந்தேன்?

ஹாக்கின்ஸை உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே அதை மறைத்து வேறொரு பெண்ணை மணந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். பிற்காலத்தில் உண்மை வெளிப்பட்டது. இரண்டு குடும்பங்கள் வருந்தின. எலும்பில் செய்த தவற்றை அடுத்த எலும்பு திருத்தியது. வாழ்க்கையில் செய்த தவற்றுக்கு அப்படி எளிய மருந்து இல்லை.

நியூயார்க்கில் எல்லாம் உடைந்தபோது அவருக்கு வயது 64. வேறொருவராயிருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். அவரோ ஹட்ரோசரஸ் எலும்புக்கூட்டின் அச்சு வார்ப்புக்களை வேறு காட்சிசாலைகளுக்குச் செய்து கொடுத்தார். இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரிக்காகப் பழங்கால உலகைக் காட்டும் 17 ஓவியங்களைத் தீட்டினார். அவற்றில் பல இன்றும் அங்கே உள்ளன. அந்த ஓவியங்களில் ஹட்ரோசரஸ் இரண்டு காலில் நிற்கிறது. பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1894 ஜனவரி 27-ஆம் நாள் காலமானார். சில நூல்கள் அவர் 1889-இலேயே இறந்துவிட்டதாக எழுதி வைத்தன. எலும்பைத் தவறாகப் படித்தவருடைய நாளையே பிறர் தவறாகப் படித்தார்கள்!

ஸிடன்ஹாம் பளிங்கு மாளிகை 1936 நவம்பர் 30-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. ஏரிக் கரையிலிருந்த விலங்குகள் தப்பின. புதர் மூடின, பாசி படர்ந்தன, மீண்டும் மீண்டும் செப்பனிட்டு வண்ணம் பூசப்பட்டன. 2002-இல் பெரிய அளவில் பழுது பார்க்கப்பட்டன. 2007-இல் இங்கிலாந்தின் முதல் தரப் பாதுகாப்புச் சின்னங்களாயின. 2020-இல் மெகலோசரஸின் தாடை பெயர்ந்து விழுந்தது. அடுத்த ஆண்டு புதுத் தாடை பொருத்தினார்கள்.

இங்கேதான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. செப்பனிட்டவர்களுக்கு உண்மை தெரியாதா? மெகலோசரஸ் இரண்டு காலில் நடந்தது என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இகுவானோடானின் மூக்கிலிருப்பது கட்டைவிரல் என்றும் தெரியும். அதைப் பெயர்த்துக் கையில் வைப்பது ஒரு நாள் வேலை. ஆனால் யாரும் வைக்கவில்லை. உடைந்த தாடைக்கு ஈடாக, ஹாக்கின்ஸ் வடித்த தாடையைப்போலவே செய்து வைத்தார்கள். ஏனென்றால் அங்கே நிற்பது விலங்கு மட்டும் அன்று. 1854-இல் மனிதர்கள் அறிந்திருந்த அறிவு அங்கே நிற்கிறது. அதைத் திருத்தினால் அழிந்துபோகும். திருத்தம் செய்ய வேண்டுமானால் ஹாக்கின்ஸ் ஃபிலடெல்பியாவில் செய்ததுபோல் புதிதாக ஒன்றைச் செய்து பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கட்டைவிரலை மூக்கிலிருந்து இறக்கினாரே டொல்லோ, அவர் இகுவானோடானைக் கங்காருபோல் நிமிர்த்தி, வாலை ஊன்றி நிறுத்தினார். அதன் வால் விறைப்பானது; அப்படி வளைக்க வேண்டுமானால் ஒடித்தால்தான் முடியும் என்று 1980-இல் டேவிட் நார்மன் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். சிரித்தவர் பக்கமும் ஒரு சிரிப்புக் காத்திருந்தது. நாம் இன்று செய்து வைப்பதைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர்கள் எங்கோ இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

சென்ற மாதம் எனக்கொரு பழைய இகுவானோடான் பொம்மை கிடைத்தது. கங்காருக் கோலந்தான். வலக்கையில் கட்டைவிரல் ஒடிந்து போயிருந்தது. சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தேன். ஒடிந்த இடத்தில் ஊசியால் துளையிட்டு மெல்லிய கம்பி செருகினேன். எம்ஸீல் பசையைப் பிசைந்து, இடக்கை விரலைப் பார்த்துப் பார்த்து ஒரு புது விரல் பிடித்தேன். மறுநாள் தேய்த்து, பழைய பச்சையோடு ஒத்துப்போகும்வரை வண்ணத்தைக் கலந்து கலந்து பார்த்து, அந்த விரலுக்கு மட்டும் பூசினேன். முதுகையும் வாலையும் தொடவில்லை. பாதத்தின் அடியில் செய்தவரின் முத்திரை மங்கலாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், விரல் நான் வைத்தது என்று பென்சிலால் சிறியதாக எழுதி ஆண்டையும் குறித்தேன்.

மண்ணியல் நண்பர் வந்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வாலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர், பாதத்தின் அடியைப் படித்துவிட்டு, பேசாமல் அதை இருந்த இடத்திலேயே வைத்தார். பக்கத்தில் நான் கெடுத்த டைரனோசரஸ் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.